பந்தி, பீடம், கல்லறை: தமிழ்த் திருச்சபையில் ஏற்பும் விலக்கும்

அந்தியோகியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்த செய்தி கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுத்துவிடவில்லை. பந்தியை விட்டு எழுந்ததே நற்செய்திக்கு முரண் என்பது பவுலின் வாதம். ஐக்கியத்தில் ஒருவர் ஏற்கப்பட்டாரா என்பதைப் பந்தியையும் பீடத்தையும் கல்லறையையும் கொண்டே அளக்க வேண்டும். அங்கு நிற்கும் தடைகள் தாமாகக் கரைவதில்லை, சபை எடுக்கும் முடிவாலேயே அகல்கின்றன. தமிழ்த் திருச்சபையின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1733இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவானார். அவர் வேளாளர். அடுத்த குருவைத் தேடியபோது, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவர் பறையர். அவர் கையால் நற்கருணை பெற மேல்சாதியார் இசையமாட்டார்கள் என்ற அச்சமே முடிவைத் தீர்மானித்தது. அவருக்குப் பதிலாக 1741இல் தியோகு குருவானார்.

சாதி சமூக வழக்கம், சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பதே அக்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட நியாயம். ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபையில் முற்றாகக் கைவிடச் சொல்லிச் சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். கட்டாயம் சபையைப் பிளக்கும், நற்செய்தியே மெல்ல மெல்லச் சாதியைக் கரைக்கட்டும் என்று லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனார் கருதினர். உடைந்த சபைகளைக் கண்ணெதிரே கண்டவர்களின் கவலை அது. எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நற்கருணையே ஒரு விருந்து. சமூக வழக்கம் வேறு, வழிபாடு வேறு என்று பிரிக்கும் கோடு அந்தப் பீடத்தருகே அழிந்துபோகிறது.

காத்திருந்தால் கரையுமா?

வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில் இதற்கு விடை தருகிறது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் மண்டபங்கள் இரண்டு, நடுவே தடுப்பு. வேளாளர் ஒரு பக்கம், நாடார் முதலியோர் மறுபக்கம். ஒரே பூசையில் பங்கேற்றும் ஒரு சாரார் மறுசாரார் கண்ணில் படாதபடி கட்டப்பட்ட கட்டடம் அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு வழிபாடு அந்தத் தடுப்பைக் கரைக்கவில்லை. 1910இல் குருக்கள் அதை அகற்றினர். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். கோயிலுக்குள் சாதி அடிப்படையிலான தனியுரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

ஏறத்தாழ நூறாண்டு கழிந்தும் சிக்கல் தீரவில்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டனர். மோதல் மூண்டது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். கல்லறைக்குச் சவ ஊர்வலம் செல்லும் வழியும் அங்கே பூசலுக்குரியதாக இருந்தது.

விலக்கு சபைக்கு வெளியேயும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். அந்த அநீதியைத் திருச்சபை எதிர்ப்பது முறையே. ஆனால் அதே நீதியைத் தனக்குள்ளும் அது நிலைநாட்ட வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. அக்கொள்கை ஒவ்வொரு பங்கிலும் செயலாக வேண்டும்: கல்லறையைப் பிரிக்கும் சுவரை இடிப்பது, திருவிழாத் தேர் எல்லாத் தெருக்களுக்கும் செல்வது, பங்குப் பேரவையில் தலித் மக்கள் முடிவெடுக்கும் இடத்தில் அமர்வது. இவற்றுக்கு நாள் குறிக்கும் அதிகாரம் ஆயர்களிடமும் பங்குக் குருக்களிடமும் இருக்கிறது.