மாத்திரையை எண்ண வந்தவர்கள்

காலை ஏழு மணிக்கு நம் பிளாக்குகளில் பல வீடுகளின் அழைப்பு மணி அடிக்கிறது. பெரியவரைக் கவனிக்க வரும் ஹோம் நர்ஸ் அல்லது அட்டெண்டர். இது இந்தக் காலத்து ஏற்பாடு என்று நினைப்பீர்கள். ஆனால் வீட்டாரும் பயிற்சி பெற்றவரும் நோயாளியைப் பங்கிட்டுக் கவனித்தால் சரிப்படுமா என்று சென்னையில் 1950களிலேயே முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ நிலையத்தைத் தாண்டாதவர் நம்மில் இருக்க முடியாது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அப்போதெல்லாம் காசநோய் என்றால் வீட்டை விட்டு இப்படியோர் இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. நோயாளிகளோ ஏராளம், படுக்கைகள் சொற்பம்.

1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது; நெருக்கடியான வீட்டில், சுமாரான சாப்பாட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகும் என்ற பயமும் பின்னர் பொய்த்தது. வீட்டிலிருந்தே காசநோய் மருத்துவம் என்பது உலகெங்கும் பரவ இது வழிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மருந்து வீட்டில், பொறுப்பு வீட்டாரிடம். ஆனால் ஹெல்த் விசிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். மிச்ச மாத்திரையை எண்ணுவார், சிறுநீரைச் சோதனைக்கு வாங்கிப் போவார். சாப்பிட்டேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் சாப்பிட்டிருக்கவில்லை! அதனால்தான் பிறகு ஊழியர் கண் முன்னே விழுங்கவைக்கும் முறை வந்தது. அதிலும் பார்த்து நிற்கும் வேலையைக் குடும்பத்தாரிடம் விட நெடுநாள் தயங்கினார்கள். “இன்னிக்கு வேண்டாமே” என்று அப்பா கெஞ்சினால் நாம் இளகிவிடுவோம் அல்லவா?

இப்போது நிலைமை தலைகீழ். கொடுப்பவர் அட்டெண்டர், எண்ண வேண்டியவர்கள் நாம். எங்கள் வீட்டில் தாளில் டிக் இருந்தது, அப்பாவின் தலையணைக்கடியில் மூன்று மாத்திரைகளும் இருந்தன. கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டார். அப்பா துப்புவது அவருக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். அன்றிலிருந்து தாளில் ‘கொடுத்தது’, ‘விழுங்கியது’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவது காலியாக இருந்தால் நான் யாரையும் திட்டுவதில்லை, டாக்டருக்குப் போன் செய்கிறேன்.