கண்ணாடி போட்ட ராட்சதர்

பள்ளிக்கூட நாளில் என்னை எந்தக் கட்சியிலும் சேர்க்க மாட்டார்கள். மூக்குக் கண்ணாடி உடைந்தால் யார் பதில் சொல்வது என்று டிரில் மாஸ்டர் என்னை ஓரமாக உட்கார வைத்துவிடுவார். அவர்மேல் இருந்த கோபம் ஜார்ஜ் மைக்கனின் கதை தெரிந்த பிறகுதான் எனக்குத் தணிந்தது.

மைக்கன் 1924-ல் அமெரிக்காவில், இல்லினாய் மாகாணத்து ஜோலியட் ஊரில் பிறந்தவர். கூடைப்பந்து ஆடப் போன அவரையும், கண்ணாடி போட்டவனுக்கு இங்கே இடமில்லை என்று பள்ளிப் பயிற்சியாளர் அனுப்பிவிட்டார். அப்புறம் பையன் ஆறடி பத்தங்குலம் வளர்ந்து நின்றான். அத்தனை உயரமானவனுக்குக் கால் பின்னும், ஆட்டம் வராது என்பது அக்காலத்துச் சித்தாந்தம். ஷிகாகோ டிபால் சர்வகலாசாலையில் ரே மேயர் என்ற இளம் பயிற்சியாளர் மட்டும் அதை நம்பவில்லை. கயிறு தாண்டச் சொன்னார், குத்துச்சண்டை பழக்கினார், நடனம்கூடக் கற்க வைத்தார்! கூடைக்கு அடியில் நின்று வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பந்து போடும் அப்பியாசத்துக்கு இன்றும் மைக்கன் பெயர்தான்.

தொழில்முறை ஆட்டத்தில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் கோஷ்டிக்கு 1949 முதல் 1954 வரை ஆறு பருவங்களில் ஐந்து முறை வெற்றி தேடித் தந்தார். 1949 டிசம்பரில் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கின் வாசலில், 'ஜார்ஜ் மைக்கனும் நிக்ஸ் கோஷ்டியும்' மோதுவதாக விளம்பரப் பலகை எழுதிவிட்டார்கள். சகாக்கள் ஆட்ட உடை மாற்றாமல் அறையில் உட்கார்ந்துகொண்டு, நீயே தனியாகப் போய் ஆடிவிட்டு வா என்று கேலி செய்தார்களாம்.

எதிரிகளுக்கோ அது கேலியாக இல்லை. 1950 நவம்பர் 22-ந் தேதி ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் கோஷ்டி மினியாபொலிஸுக்கு வந்து ஒரு தந்திரம் செய்தது. பந்து தங்கள் கையில் இருந்தால்தானே மைக்கன் போடுவார்? கூடைப் பக்கமே போகாமல் பந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். காசு கொடுத்து வந்த ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். முடிவு 19-க்கு 18, பிஸ்டன்ஸுக்கு ஜயம். லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கன் போட்டது.

மறு வருஷமே, கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத பட்டையின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக்கினார்கள். ஒரு மனிதரைத் தள்ளி நிறுத்தச் சட்டம்! பந்தை அடைகாக்கும் வியாதிக்கு மருந்து கண்டவர் ஸிரக்யூஸ் கோஷ்டியின் சொந்தக்காரர் டானி பயஸோன். நல்ல ஆட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்து 120 தடவை கூடையைப் பார்த்து எறிகின்றன, ஆட்டம் 2,880 விநாடி, வகுத்தால் 24. அதற்குள் எறிந்தாக வேண்டும். பலசரக்குக் கடைக்காரரின் மனக்கணக்குப் போல இருக்கிறதல்லவா? 1954-ல் வந்த அந்த விதியில்தான் இன்றைய ஆட்டமே ஓடுகிறது.

அந்த வருஷமே மைக்கன் ஓய்வு பெற்றார். 1956-ல் திரும்பி வந்து 37 ஆட்டம் ஆடினார். முன்பு சராசரி 28 புள்ளி போட்டவருக்கு இப்போது பத்துச் சொச்சம். ஆட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. அவரால் ஓட முடியவில்லை. வக்கீல் தொழில் செய்தார். காங்கிரஸ் சபைத் தேர்தலில் நின்று தோற்றார்.

பிறகு நீரிழிவு வந்தது. 2000-ல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சிறுநீரகத்துக்கு ஓயாத சிகிச்சை. ஆட்டக்காரர்களுக்குப் பென்ஷன் திட்டம் வந்தது 1965-ல். அதற்கு முன்பே ஓய்ந்தவர்களைப் பின்னால் சேர்த்துக்கொண்டாலும், அவர்களுக்குச் சொற்பத் தொகைதான். கோடிகளில் சம்பளம் வாங்கும் காலத்தில், பழைய சகாக்களுக்காக மைக்கன் கடைசிவரை வாதாடினார். அது வெறும் கௌரவப் பிரச்னை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு மருத்துவச் செலவு இருந்தது.

2005 ஜூன் 1-ந் தேதி, 80-வது வயதில் இறந்தார். பென்ஷன் விவகாரம் அப்போதும் தீரவில்லை. ஷகீல் ஓ'நீல் என்ற ஏழடி ஆட்டக்காரர், அடக்கச் செலவு முழுவதையும் தான் ஏற்பதாகச் சொல்லி அனுப்பினார். 99-ம் எண் சட்டை போட்ட அந்த மனிதர் இல்லாவிட்டால் தானே இல்லை என்றார் அவர். குடும்பத்தார் ஒப்புக்கொண்டார்கள்.