புரூக்: ஓர் ஆடைச்சொல்லின் வேர்

சொல்லாராய்ச்சியில் ஒலியொப்புமை வழிகாட்டுவதும் உண்டு. வழி தவறச் செய்வதும் உண்டு. நெதர்லாந்து மக்கள் நாள்தோறும் வழங்கும் ஓர் எளிய சொல் இதற்கு நல்ல சான்றாகும். டச்சு மொழியில் கால்சட்டைக்குப் பெயர் 'புரூக்'.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே 'புரூக் இன் வாட்டர்லாந்து' என்றோர் ஊர் உள்ளது. ஊருக்கும் ஆடைக்கும் உறவு கற்பிக்க நம் மனம் விரையும். ஆயின் ஊர்ப்பெயரில் உள்ள 'புரூக்' சதுப்பு நிலத்தைக் குறிக்கும் வேறொரு சொல். பிரஸ்ஸல்ஸ் நகரப் பெயரின் முற்பகுதியும் அச்சொல்லே. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு.

மாறாக, ஆங்கிலத்தின் 'பிரீச்சஸ்' ஒலியால் விலகி நின்றும் இவ்வாடைச் சொல்லின் உடன்பிறப்பாகும். ரஷ்ய மொழியில் கால்சட்டையைக் குறிக்கும் 'புரியூக்கி' டச்சு மொழியிலிருந்தோ, அதன் அண்டை வழக்கான கீழ்ஜெர்மனிலிருந்தோ சென்று சேர்ந்ததாகும்.

லத்தீனில் இவ்வாடை 'பிராக்கா' எனப்பட்டது. கால் நாட்டு மக்களிடமிருந்து ரோமர் பெற்ற சொல் இது. தோகா அணிந்த ரோமர்க்குக் கால்சட்டை நாகரிகமற்றோர் உடை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் ஹொனோரியசின் ஆட்சியில், ரோம் நகருக்குள் அதனை அணிவதே சட்டத்தால் தடுக்கப்பட்டது.

'பிராக்கா', 'புரூக்' இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா? ஒலிமாற்ற விதி கொண்டு நோக்குவோம். உடன்பிறந்தானைக் குறிக்கும் லத்தீன் 'ஃபிராத்தர்' டச்சில் 'புரூடர்'. ஆகாரம் ஊகாரமாய் நிற்கிறது. 'பிராக்கா'வும் 'புரூக்'கும் இவ்விதிக்கு இணங்குகின்றன. ஆனால் கொம்பைக் குறிக்கும் லத்தீன் 'கொர்னு' டச்சில் 'ஹோர்ன்', ககரம் ஹகரமாகிறது. தாய்வழி உறவாயின் 'புரூக்'கின் ஈற்றுக் ககரமும் அவ்வாறே மாறியிருத்தல் வேண்டும். மாறவில்லை. எனவே இஃது அண்டை இனத்தார் ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்ற கடன் என்பர் அறிஞர். கொடுத்தவர் கெல்டியரா, ஜெர்மானியரா என்பதில் அவரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அயன்மொழிச் சொல்லொன்று தமிழ்ச்சொல் போல் ஒலித்த அளவிலேயே உறவு கொண்டாடும் ஆர்வம் நம்மிடையே பெரிது. ஒலிநயம் கவிஞர்க்கு உரிய செல்வம்; அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் மொழிக்கு நன்மை செய்யாது. தமிழின் தொன்மைக்குப் பொய்யுறவுகள் வேண்டுவதில்லை. ஒழுங்கான ஒலிமாற்றமும் வழக்குச் சான்றும் காட்டும் உறவே நிலைக்கும்.