ஐப்பசியில் வெளிவரும் நூல்கள்



மேலை நாடுகளில் இலையுதிர்காலம் தொடங்கியதும் புத்தகக் கடைகள் புது நூல்களின் பட்டியலை வாயிலில் ஒட்டிவைப்பதும், மாலை வேளையில் எழுத்தாளர்களை வரவழைத்து அக்கம்பக்கத்தாரோடு உரையாடச் செய்வதும் நெடுநாள் வழக்கம். சிங்கப்பூரில் இலை உதிர்வதற்கென்று தனிக்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் உதிரும். நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கூட்டுபவர்களைக் கேட்டால் தெரியும். ஆயினும் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்ப் பருவம் என்று நம் இலக்கண நூலார் வகுத்துள்ளனர். அந்தக் கூதிர் இங்கும் வருகிறது. வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியும். தமிழகத்து இதழ்களின் தீபாவளி மலர்கள் தேக்காவில் வந்திறங்கும். நூல் வெளியீட்டு அழைப்பிதழ்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு பருவத்தில், தொடக்கநிலை நான்காம் வகுப்பில் உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் கதையை வாசித்துக் காட்டினேன். கதை முடிந்ததும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். கதைமாந்தரைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறாள் என்று எண்ணினேன். "டீச்சர், இந்தப் புக் எந்தக் கடையில விக்கும்?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. என் கையில் இருந்த படி, வெளியீட்டு விழா ஒன்றில் நூலாசிரியரே தந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கிறேன். என் வீட்டு அலமாரியிலுள்ள சிங்கப்பூர்த் தமிழ் நூல்களில் கடைக்குச் சென்று வாங்கியவை எத்தனை என்று அன்று மாலை எண்ணிப் பார்த்தேன். ஐந்து. ஏனையவை அனைத்தும் விழாக்களில் வந்தவை. இது எப்பொழுது தொடங்கிய வழக்கம் என்று அறியும் ஆவல் அப்பொழுதுதான் எழுந்தது.

சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் பழமையானது 1872ஆம் ஆண்டின் 'முனாஜாத்துத் திரட்டு'. நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிர்ப் புலவர் இயற்றிய இஸ்லாமியப் பாடல்களின் தொகுப்பு அது. அரசாங்க அச்சாளராக இருந்த பேட்டன் என்பவர் அதனை அச்சிட்டார். தமிழர் நடத்திய அச்சகங்கள் பிறகுதான் பெயர் பெற்றன. அவற்றுள் முதன்மையானது தீனோதய இயந்திரசாலை. சி.கு. மகுதூம் சாயபு 1887 ஜூன் 27ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் பொன்விழாக் கொண்டாட்டத்தையொட்டி, 'சிங்கை நேசன்' வார இதழை அங்கிருந்து தொடங்கினார். அவ்விதழ் 1890 வரை வெளிவந்தது.

அதே 1887இல் அதே அச்சகத்திலிருந்து வேறொரு நூலும் வந்தது. யாழ்ப்பாணத்து வண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் பாடிய 'சிங்கைநகர் அந்தாதி'. டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த கோயிலின் முருகனைப் போற்றுவது. ஓர் இஸ்லாமியரின் அச்சகம், யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரின் செய்யுள், செட்டியார்கள் எழுப்பிய கோயில். இதனை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் வியப்பதில்லை. இந்த ஊரில் அதுதானே இயல்பு என்பதுபோல் பார்க்கிறார்கள். வியப்பவர்கள் பெரியவர்களே.

அந்நூல்கள் எவ்வாறு வாசகரைச் சென்றடைந்தன? அக்காலத் தமிழுலகில் நூல் அச்சேறியது பெரும்பாலும் புரவலர் துணையால். செல்வர் பொருள் தருவார். புலவர் நண்பர்கள் சாற்றுக்கவி தருவார்கள். நூல் வெளிவந்ததும் அவர்கள் நடுவிலேயே சுற்றும். அல்லது முன்கூட்டியே கையொப்பம் வாங்குவார்கள். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து முடித்ததும் இதே 1887இல்தான். அதற்காக அவர் ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டிய பாட்டைத் தம் வரலாற்றில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். முகம் தெரியாத ஒருவர் கடைக்குச் சென்று காசு கொடுத்துத் தமிழ் நூலை வாங்கிச் செல்லும் நிலை, தமிழகத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாவல்களும் வார இதழ்களும் பெருகியபோதுதான் உருவாயிற்று. ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்புத்துறை ஆய்வுகள் இம்மாற்றத்தைத் தெளிவாக விளக்குகின்றன.

என் எண்ணம் இதுதான்: தமிழகம் அந்த மாற்றத்தைக் கடந்து சென்றது, சிங்கப்பூர் பாதிவழியில் நின்றுவிட்டது. சாற்றுக்கவிக்குப் பதிலாக வாழ்த்துரை வந்தது. கையொப்பத்திற்குப் பதிலாக உறை வந்தது. உறையைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இடையில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. 1893இல் நா.வ. இரங்கசாமி தாசன் என்பவரின் 'அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி' வெளிவந்தது. அன்றைய பந்தயத் திடல் இன்றைய ஃபேரர் பார்க்கில் இருந்தது. பந்தயம் 1933இல் புக்கித் தீமாவுக்கு இடம் மாறிற்று. லிட்டில் இந்தியாவில் நாம் மீன்தலைக் கறி உண்ணச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது அதனால்தான். லாவணி என்பது பாடிக் கேட்பதற்குரிய வடிவம். பந்தயமும் நகரத்து வேடிக்கையும் கடவுள் வாழ்த்துக்கோ புரவலர் புகழுக்கோ உரிய பொருள்கள் அல்ல. காசு கொடுத்து வாங்கி, நண்பர்களோடு பாடி மகிழ்வதற்காகவே அது அச்சிடப்பட்டிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம்தான். ஆயினும் அதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது.

பிறகு வந்தது கோ. சாரங்கபாணியின் காலம். 1935 ஜூலை 6இல் 'தமிழ் முரசு' தோன்றியது. 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. 1950களின் நடுவில், அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு முதலிடமா சமஸ்கிருதத்திற்கா என்ற வழக்கு எழுந்தது. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். துறைமுகத்திலும் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குச் சென்றது. துறையோ பின்னர் கோலாலம்பூருக்குச் சென்றுவிட்டது. தம் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்கூட வாங்கித் தர இயலாத பலர், தாம் ஒருபோதும் நுழையப் போவதில்லை என்று அறிந்த ஒரு நூலகத்திற்குப் புத்தகம் வாங்கித் தந்திருக்கிறார்கள். இதை எண்ணும்போது, நம்மவர் புத்தகத்திற்குச் செலவழிக்க மாட்டார்கள் என்று விழா மேடைகளில் சலித்துக்கொள்வோர்மீது எனக்குச் சிறிது கோபம் வருவதுண்டு.

நூலகத்தைப் பற்றியும் ஒரு சொல். 1953இல் லீ கொங் சியான் பொது நூலகத்திற்கு 375,000 வெள்ளி தர முன்வந்தபோது நிபந்தனை விதித்தார்: நூலகம் கட்டணமின்றி இயங்கவேண்டும், இவ்வட்டார மக்களின் மொழிகளுக்கும் அதில் இடம் வேண்டும். அதன் பயனாய் 1960இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் திறந்த கட்டடத்தில் தமிழ் நூல்களும் அடுக்கப்பட்டன. அக்கட்டடம் 2004இல் மூடப்பட்டது. 2005 முதல் தேசிய நூலகம் விக்டோரியா தெருவில் உள்ளது. இன்று நம் பிள்ளைகள் தமிழ் நூலைத் தொட்டுப் பார்க்கும் முதல் இடம் பெரும்பாலும் வட்டார நூலகமே. அதற்கு நன்றி உடையவன் நான். ஆனால் இரவல் நூலுக்குத் திருப்பித் தரவேண்டிய நாள் ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுத முடியாது.

1970களிலிருந்து எழுத்தாளர் அமைப்புகளே நம் புத்தகச் சந்தையாயின. 1976இல் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் தோன்றியது. 1977இல் நா. கோவிந்தசாமி 'இலக்கியக் களம்' தொடங்கிச் சிறுகதைகளைக் கூர்ந்து விமர்சிக்கும் கூட்டங்களை நடத்தினார். நான் பயிற்சி பெற்ற தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் அவர். 1999 மே மாதம் காலமானார். நான் சேர்ந்தபோது அவர் இல்லை, அவர் பெயர் மட்டும் வகுப்புதோறும் ஒலித்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த அந்த நிகழ்வில் தமிழும் திரையில் தெரிந்தது என்றால், அதற்குக் கோவிந்தசாமியின் கணினித் தமிழ் உழைப்பே காரணம். அதுவும் ஓர் ஐப்பசி வெளியீடுதான். உறை இல்லாத வெளியீடு.

2015இல் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, சுதந்திரத்திற்குப் பிந்திய 50 ஆண்டுகளின் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கி வெளியிட்டனர். ஆகவே நூல்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை. இருக்கின்றன; கடைதான் இல்லை.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, அவளையும் அவளுடைய தாயாரையும் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலைய வாயிலில் சந்தித்துச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துச் சென்றேன். பூக்கடை, அகல்விளக்கு, முறுக்கு, கூட்டம். நூல்கள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தோம். பஞ்சாங்கம், சமையல் குறிப்பு, தோத்திரத் திரட்டு, திருக்குறள் உரை, தேர்வுப் பயிற்சி நூல்கள், தமிழகத்து நீதிக்கதைகள். உள்ளூர்க் கதைப்புத்தகம் ஒன்றுகூட இல்லை. கடைக்காரரைக் குறைகூற மாட்டேன். அப்பகுதியின் வாடகையை அறிந்தோர் எவரும் கூறமாட்டார்கள். ஆங்கில நூல் விற்றவர்களே தாக்குப்பிடிக்கவில்லை: 1997இல் திறந்த பார்டர்ஸ் 2011இல் மூடப்பட்டது, டைம்ஸ் தன் கடைசிக் கடையை 2024இல் மூடிற்று, சுற்றுவட்டாரத்தாரின் அன்பைப் பெற்ற புக்ஸ்ஆக்சுவலியும் 2020இல் கடையைக் கைவிட்டு இணையத்திற்குப் போயிற்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த வணிகர் துணிவார்?

மறுவாரம் ஒரு வெளியீட்டு விழாவுக்கு அவர்களை அழைத்துப் போனேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, மூவர் வாழ்த்துரை, நூலாய்வு, முதற்படி பெறுதல், பிறகு வரிசையாகச் சென்று உறை கொடுத்து நூல் பெறுதல். வாசலில் கேசரி, வடை, தேநீர். நன்றாகவே நடந்தது. ஆனால் உறை கொடுக்கும் நேரத்தில் தாயார் என் பக்கம் சாய்ந்து, "எவ்வளவு வைக்கணும் டீச்சர்? இருபது வச்சா குறைவா நினைப்பாங்களா?" என்று கேட்டார். கணவர் இரவு வேலை பார்க்கும் குடும்பம். நூலின் பின்னட்டையில் விலை அச்சிட்டிருந்தது, பன்னிரண்டு வெள்ளி. எனினும் அந்த மேடையில் நின்று எட்டு வெள்ளி மீதம் கேட்க யாரால் முடியும்?

இந்த உறை வழக்கம் பல எழுத்தாளர்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதை நான் அறிவேன். சில நூறு படிகள் அச்சிடுபவருக்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் உதவிக்கு அடுத்தபடியாக நிற்பது அதுவே. அதை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அங்கு வாசகர் விருந்தினராகிவிடுகிறார். விருந்தினர் பரிமாறியதை உண்ணவேண்டும். கடையில் நிற்பவருக்கு உள்ள உரிமை ஒன்று அங்கு இல்லை: எடுத்து, புரட்டி, நான்கு வரி படித்து, பிடிக்காவிட்டால் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகும் உரிமை. அந்தக் குழந்தை அன்று பெற்ற நூல் மரபுக்கவிதைத் தொகுதி. ஆசிரியர் அன்போடு கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவேயில்லை.

நவம்பரில் பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தபோது, தெரிந்த எழுத்தாளர்கள் சிலரிடம் அவர்கள் வீட்டில் தங்கிவிட்ட படிகளைக் கேட்டு வாங்கினேன். எல்லோரும் மகிழ்ந்து கொடுத்தார்கள். ஒருவர் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெட்டிகளை இழுத்துப் போட்டார். சிறுவர்க்குரியவற்றை மட்டும் பிரித்தெடுத்தேன். முப்பத்தொரு நூல்கள் தேறின. தலைமையாசிரியரின் இசைவோடு, வகுப்பின் பின்புற மேசையில் அட்டை தெரியும்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெள்ளி என்று எழுதிவைத்தேன். யாரும் உரையாற்றவில்லை. முக்கால் மணி நேரம் பிள்ளைகள் தள்ளுமுள்ளுவாய்ப் புரட்டினார்கள். பதினேழு நூல்கள் விற்றன.

அந்த மாணவியிடம் நானே ஒரு நூலை எடுத்துக் கொடுத்து, "இது உனக்குப் பிடிக்கும்" என்றேன். நின்றபடியே மூன்று பக்கம் படித்தாள். பிறகு இருந்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.