புல்நீலன்கள்: ஒரு பேரினம் பிரிந்த வரலாறு

நெருஞ்சி படர்ந்த தரிசிலும் வாய்க்கால் கரைப் புல்லிலும் முழங்கால் உயரத்துக்குமேல் எழாமல் பறக்கும் சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சிகள் புல்நீலன்கள். இறக்கையை விரித்தாலும் பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தமிழகத்தில் காணப்படும் ஹைலாக்ஸ், ஓட்டிஸ், மகா, கர்சாந்திரா என்னும் நான்கு வகைகளையும் நீண்டகாலம் ஒரே பேரினமாகவே கருதினர். இறக்கையை மட்டுமே நம்பியிருந்தால் அந்த எண்ணம் இன்னும் நெடுநாள் நீடித்திருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1775இல் ஹைலாக்ஸ் இனத்தையும் 1787இல் ஓட்டிஸ் இனத்தையும் விவரித்தார். பயணி ஹ்யூகல் இமயமலைப் பகுதியிலிருந்து கொண்டுவந்த பூச்சிக்கு வியன்னாவின் கொல்லார் 1844இல் மகா என்று பெயரிட்டார். தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவை 1862இல் டிரைமனும், வங்காளத்தின் கர்சாந்திராவை 1865இல் ஃபிரெடெரிக் மூரும் பதிவுசெய்தனர். எல்லாம் நிறத்தையும் புள்ளியையும் பார்த்துச் செய்தவை. 1862இல் டிரைமன் புதிய இனமென்று எண்ணி 'கைக்கா' எனப் பெயரிட்டதும் ஃபாப்ரிசியஸின் ஹைலாக்ஸ்தான்.

மூர் 1881இல் தம் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலில் 'ஜிசெரா' என்ற பேரினத்தை அமைத்தார். ஆனால் மாதிரி இனமாக அவர் தேர்ந்தது ஐரோப்பாவின் ஒரு சிறு நீலன். பெயரிடல் விதிப்படி மாதிரி இனம் போகுமிடத்துக்கே பேரினப் பெயரும் போகும். அதனால் ஜிசெரா, குபிடோ என்னும் பேரினத்துக்குள் கரைந்துபோனது. ஆயினும் 1907இல் வெளிவந்த, பூச்சியியலாளர் பிங்காமின் நூல்கூட நம் புல்நீலன்களை ஜிசெராவின் கீழேயே வைத்திருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தவர் தாமஸ் அல்கெர்னன் சாப்மன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். பூச்சியின் வயிற்றுநுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்து, ஆண் பிறப்புறுப்பின் கடினமான பகுதிகள் மட்டும் மிஞ்சும். அவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, 1910இல் ஜிசீரியா, ஜிசினா, ஜிசுலா என மூன்று பேரினங்களாகப் பிரித்தார். இறக்கையின் மறைந்த குறிகளும் அதன்பிறகே தம் முழு மதிப்பைப் பெற்றன என்று கருதுகிறேன். முன்னிறக்கையின் அடிப்பக்க நடுவில் ஒரு புள்ளி இருந்தால் ஜிசீரியா. அது இல்லாமல், பின்னிறக்கைப் புள்ளிவரிசையில் ஒன்று மட்டும் உள்ளே நகர்ந்திருந்தால் ஜிசினா. முன்னிறக்கையின் மேல்விளிம்பில் கூடுதல் புள்ளிகள் இருந்தால் ஜிசுலா.

சாப்மனின் பிரிவுக்கு வலுவான சான்று புழுவின் உணவில் இருக்கிறது. கர்சாந்திராவின் புழுவுக்கு நெருஞ்சியும் கீரைவகைகளும். ஓட்டிஸுக்கு அவரைக் குடும்பச் செடிகள். ஹைலாக்ஸுக்குப் பெரும்பாலும் நீர்முள்ளியின் குடும்பம். மகாவோ புளியாரையைத் தின்று வளர்வது. சாப்மன் ஜிசீரியாவிலேயே விட்டுவைத்த இந்த மகாவை 1955இல் பியூரே 'சூடோஜிசீரியா' என்று தனியே பிரித்தார். உறுப்பும் உணவும் ஒரே திசையைக் காட்டும்போது அந்தப் பிரிவை நம்பலாம்.

பின்னர் டிஎன்ஏ வந்தது. ஓட்டிஸின் உள்ளினமாகக் கருதப்பட்ட ஜப்பானின் எமலீனாவை, 2008இல் வெளியான ஜிசினா ஆய்வு தனி இனமாக ஏற்றது. ஆற்றங்கரைகளிலும் வரப்புகளிலும் அடிக்கடி அறுக்கப்பட்ட குட்டைப்புல் நிலமே அதன் இருப்பிடம். அறுப்பு நின்று புல் உயர்ந்தால், புழு உண்ணும் அவரைக் குடும்பச் சிறுசெடி நிழலில் நலிகிறது. ஜப்பானின் அழிவாபத்துப் பட்டியலில் எமலீனா இடம்பெற்றதற்கு அந்தப் புல்வெளிகளின் இழப்பே பெரிய காரணம்.