பராகுவேயின் குவாரனி: வென்றவர் வாயில் தோற்றவர் மொழி

சமூகமொழியியல் வகுப்புகளில் பராகுவே பற்றி ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். பழங்குடியினர் அல்லாத பெரும்பான்மை மக்கள் ஒரு பழங்குடி மொழியைத் தம் மொழியாகப் பேசும் நாடு அமெரிக்கக் கண்டத்தில் அது ஒன்றே என்பது அச்செய்தி. அந்நாட்டில் பழங்குடியினராகக் கணக்கெடுக்கப்பட்டோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர். குவாரனி பேசுவோரோ மக்களில் பெரும்பாலோர். இரட்டைவழக்கு பற்றிய ஃபெர்குசனின் 1959ஆம் ஆண்டுக் கருத்தை 1967இல் ஃபிஷ்மன் விரித்தெழுதியபோது பராகுவேயை எடுத்துக்காட்டாகக் கொண்டார். மறு ஆண்டே ஜோன் ரூபின் அந்நாட்டின் இருமொழியம் பற்றித் தனி நூல் வெளியிட்டார். வீட்டில் குவாரனி, அலுவலகத்தில் ஸ்பானியம் என்ற பங்கீடு அதன்பின் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அப்பங்கீடு எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கடந்து செல்லத்தக்க கதையன்று அது.

1537ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் பராகுவே ஆற்றின் கரையில் அசுன்சியோன் ஒரு கோட்டையாக எழுப்பப்பட்டது. வெள்ளி மலையைத் தேடி வந்த ஸ்பானியருக்கு அங்கே கிடைத்தது மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைவித்த கரியோ குவாரனி மக்களே. ஆற்றுக்கு அப்பாலிருந்த பகைவரை எதிர்க்கத் துணை தேடிய அம்மக்கள், தம் வழக்கப்படி பெண் கொடுத்து உறவு பூண்டனர். பெண் கொண்டவன் ‘தோவஜா’, அதாவது மைத்துனன். மைத்துனனின் நிலத்தில் உழைப்பதும் அவனுடன் போருக்குச் செல்வதும் உறவின் கடமைகள். அவன் பதிலுக்கு அவ்வாறே செய்ய வேண்டும். ஸ்பானியர் கொண்டனர், கொடுக்கவில்லை. வேளாண்மை அச்சமூகத்தில் பெரிதும் பெண்களின் வேலை. ஆகவே மனைவியர் எண்ணிக்கை கூடக்கூட உழைக்கும் கைகளும் கூடின. உறவாகத் தொடங்கியது விரைவில் பெண்களைக் கவர்ந்து வரும் கொள்ளையாக மாறியது. 1540களில் எழுந்த கிளர்ச்சிகள் ஒடுக்கப்பட்டன. 1556இல் என்கோமியெந்தா எனும் கட்டாய உழைப்பு முறை சட்டமாயிற்று. அதே ஆண்டில் எழுதிய தன் உயிலில் ஆளுநர் தொமிங்கோ மார்த்தினெஸ் தே இராலா, பழங்குடிப் பெண்கள் பலரிடம் தமக்குப் பிறந்தவர்களைத் தம் மக்களென ஏற்றுக்கொண்டார்.

அப்பிள்ளைகளே பின்னாளில் பராகுவேயின் ஆளும் வகுப்பு. ஸ்பெயினிலிருந்து பெண்கள் மிகச் சிலரே வந்தனர். தந்தையிடமிருந்து பெயரும் நிலவுரிமையும், தாயிடமிருந்து மொழியும் வந்தன. இதனைப் பராகுவேயின் தேசிய வரலாறு நெடுங்காலம் இரு இனங்களின் இனிய மணமாகப் பாடி வந்துள்ளது. தாய்மொழி என்ற சொல் நேர்ப்பொருளில் பொருந்தும் இவ்விடத்தில், அத்தாய்மார் எவ்வாறு அவ்வீடுகளுக்கு வந்து சேர்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குவாரனியின் எழுத்து வரலாறு வேறொரு வழியில் வந்தது. பிரான்சிஸ்கன் துறவி லூயிஸ் போலான்யோஸ் மொழிபெயர்த்த ஞானோபதேசத்தை 1603ஆம் ஆண்டின் அசுன்சியோன் திருச்சபைக் கூட்டம் ஏற்றது. 1609 முதல் இயேசு சபையினர் குவாரனி மக்களைத் தனி ஊர்களில் குடியமர்த்தினர். சாவோ பாவுலோவிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்கள் அவ்வூர்களைச் சூறையாடினர். அவர்களுள் பலர் பேசியது துப்பி வழிவந்த பொதுமொழி. வேட்டையாடியவனும் வேட்டையாடப்பட்டவனும் உறவு மொழிகளில் பேசினர் என்பது கவனிக்கத்தக்கது. 1631இல் ஏறத்தாழ 12,000 பேரைப் பரானா ஆற்றின் வழியே தெற்கே அழைத்துச் சென்ற அந்தோனியோ ரூயிஸ் தே மொந்தோயா, பின்னர் குவாரனியருக்குத் துப்பாக்கி ஏந்தும் உரிமை கேட்டு மாட்ரிட் சென்றார். அப்பயணத்தின்போதே அவருடைய குவாரனிச் சொற்களஞ்சியம் 1639இலும் இலக்கணம் 1640இலும் அச்சேறின. இதே சபையைச் சேர்ந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைக் கொல்லத்தில் அச்சிட்டு அப்போது அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

தமிழறிந்தோர்க்கு உடனே விளங்கும் ஓர் இலக்கணச் சிக்கல் அப்பாதிரிமார்க்குக் காத்திருந்தது. குவாரனியில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் உள்ளடக்கியது ‘ஞாந்தே’. கேட்பவரை விலக்கியது ‘ஓரே’. இறைவனை நோக்கித் தந்தையே என விளிக்கும்போது ‘ஓரே’ வேண்டும். இறைவன் நம் கூட்டத்தில் ஒருவரல்லர். மக்களிடம் இறைவனைப் பற்றிப் பேசும்போதோ ‘ஞாந்தே’. இன்றும் குவாரனியில் கடவுளுக்கு வழங்கும் சொல் ‘ஞாந்தேஜாரா’, நம் தலைவன். இலத்தீனும் ஸ்பானியமும் காணாத இவ்வேறுபாட்டின்முன், தாம் சொல்லும் ‘நாம்’ எவரெவரைச் சேர்க்கிறது என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்ய வேண்டிய நிலை ஐரோப்பியருக்கு வந்தது. நிலவுரிமையில் அத்தகைய நெருக்கடி அவர்களுக்கு ஏற்படவில்லை.

1700 அளவில் அவ்வூர்களில் ஓர் அச்சகம் இயங்கத் தொடங்கியது. புவெனஸ் ஐரஸ் நகருக்கு அச்சகம் வந்தது 1780இல்தான். சாந்தா மரியா ஊரின் தலைவர் நிக்கோலாஸ் யாபுகுவாய் என்ற குவாரனியரின் பெயர் தாங்கிய நூல்கள் 1724இலும் 1727இலும் வெளிவந்தன. 1732 அளவில் முப்பது ஊர்களின் மக்கள்தொகை 1,40,000ஐத் தாண்டியிருந்தது. எழுத்தறிந்த குவாரனியர் என்ன எழுதினர் என்பதற்குச் சமயநூல்களைவிட முக்கியமான சான்று 1753ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1750ஆம் ஆண்டின் மாட்ரிட் ஒப்பந்தப்படி உருகுவாய் ஆற்றின் கிழக்கேயிருந்த ஏழு ஊர்கள் போர்த்துகலுக்குக் கைமாறின. ஏறத்தாழ 30,000 பேர் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற வேண்டும் என்றானது. அதனை மறுத்து ஊர்மன்றங்களும் தலைவர்களும் புவெனஸ் ஐரஸ் ஆளுநருக்குக் குவாரனி மொழியிலேயே கடிதங்கள் எழுதினர். அரசனுக்கு உழைத்தோம், அவன் போர்களில் நின்றோம், எங்கள் கைகள் கட்டிய கோவில்களைப் பகைவருக்கு ஏன் கொடுக்கிறான் என்பது அவற்றின் வாதப்போக்கு. 1756 பிப்ரவரியில் இரு பேரரசுகளின் கூட்டுப்படை கைபோவாத்தேயில் சுமார் 1,500 குவாரனியரைக் கொன்றது. மொழி எழுத்தாகி, எழுத்து முறையீடாகியும் பயனில்லை.

இயேசு சபையினர் 1767இல் ஸ்பானியப் பேரரசிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1770இல் மூன்றாம் கார்லோஸ் பேரரசு முழுவதும் ஸ்பானியத்தைக் கட்டாயமாக்கினார். அதற்குமுன்பே பிரேசிலில் பொம்பால் ஆட்சி அங்கிருந்த பொதுமொழியைத் தடை செய்திருந்தது. பிரேசிலில் தடை பெரிதும் வென்றது, பராகுவேயில் தோற்றது. காரணம் பொருளியல். மீனாஸ் ஜெராய்ஸின் பொன் போர்த்துகீசியரைத் திரளாக ஈர்த்தது. பராகுவேயில் பொன்னும் இல்லை, கடற்கரையும் இல்லை; மாத்தே இலையைத் தேடி எவரும் கூட்டமாகக் கப்பலேறவில்லை. இன்று பராகுவே பேசும் குவாரனி இயேசு சபை ஊர்களின் ஏட்டுமொழியின் நேர்வாரிசு அன்று; அசுன்சியோன் அடுப்படிகளின் மொழி. பழங்குடிக் குவாரனி, சபையினரின் குவாரனி, பராகுவேயரின் குவாரனி என மூன்றையும் பிரித்துக் காண வேண்டும் என வாதிட்டவர் பார்த்தொமேயு மெலியா.

விடுதலைக்குப் பின் 1814இல் பிரான்சியா, ஐரோப்பிய ஆண்கள் வெள்ளைப் பெண்களை மணப்பதைத் தடை செய்தார். 1848இல் கார்லோஸ் அந்தோனியோ லோப்பெஸ், 21 பழங்குடி ஊர்களின் மக்களைக் குடிமக்களாக அறிவித்தார். சமத்துவ ஆணை போலத் தோன்றும் அதனால் அவ்வூர்களின் பொதுநிலமும் கால்நடைகளும் அரசுடைமையாயின. நிலம் போயிற்று, மொழி எஞ்சியது. முக்கூட்டணிப் போரில் (1864–1870) குவாரனி போர்க்குரலாக எழுந்தது. ‘கபிச்சுயி’, ‘காசிகே லம்பாரே’ ஆகிய இதழ்கள் 1867இல் பாசறைகளைச் சென்றடைந்தன. வயதுவந்த ஆண்களில் பெரும்பகுதியினரை அப்போர் கொன்றது. மொழியைக் காத்துப் பிள்ளைகளுக்குத் தந்தவர்கள் மறுபடியும் பெண்களே. போருக்குப் பிந்தைய பள்ளிகளோ அப்பிள்ளைகளை அம்மொழிக்காகத் தண்டித்தன. நாகரிகமற்றவன் எனப் பொருள்படும் ‘குவாரங்கோ’ என்ற வசை அவர்களுக்கு வாய்த்தது. 1932இல் பொலிவியாவுடன் சாக்கோ போர் மூண்டபோது பகைவர் ஒட்டுக்கேட்க இயலாதவாறு ஆணைகள் குவாரனியில் சென்றன. 1943இல் நாட்டின் நாணயத்துக்கே குவாரனி எனப் பெயர் வந்தது. மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்ததோ 1992ஆம் ஆண்டின் அரசமைப்பில். ஒரு மொழியின் பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கிறது.

ஸ்ட்ரோஸ்னர் ஆட்சி (1954–1989) குவாரனியைத் தேசப் பெருமையாகப் போற்றியது; 1967ஆம் ஆண்டின் அரசமைப்பு அதனைத் தேசிய மொழி என்றது. அதே ஆட்சியில் கிழக்குக் காடுகளில் ஆச்சே மக்கள் வேட்டையாடப்பட்டனர். ஆச்சே மொழியும் துப்பி-குவாரனிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அக்கொடுமையை வெளிப்படுத்திய மெலியா 1976இல் நாடு கடத்தப்பட்டார். பெருமைக்குரிய மொழியும் அதன் உறவினரான மக்களும் அரசின் கண்ணில் வெவ்வேறு பொருள்களாக இருந்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டு சொற்கள் இவ்வரலாற்றைச் சுருக்கமாகவே தாங்கியுள்ளன. மொந்தோயா காலத்துக் குவாரனியில் ‘அவா’ என்றால் ஆள், மனிதன். இன்றைய பராகுவேயரின் குவாரனியில் அது பழங்குடியினரைக் குறிக்கும் இழிசொல்லாகவும் வழங்குகிறது. காட்டோரங்களில் வாழும் ம்பியா குவாரனி மக்கள், தம் மொழியின் கிளையையே பேசும் அப்பராகுவேயரையும் பிற அயலாரையும் ‘ஜுருவா’ என்கின்றனர். வாயில் முடியுள்ளவர் என அதற்குப் பொருள் கூறப்படுகிறது. தாடியுடன் கரையேறிய முதல் ஐரோப்பியருக்கு இட்ட பெயராக அதனைக் கருதுவர்.