கடலாமை ஏடுகள்: புதுக்கோட்டைக் கரையிலிருந்து ஒரு தேடல்

அகநானூற்றின் 160-ஆம் பாடலில் ஒரு கடலாமை வருகிறது. குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடிய நெய்தல் திணைப் பாடல் அது. சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதையக் கரையேறி, வெண்மணற் குவியலில் முட்டையிட்டுப் புதைத்து மறைக்கிறது. குஞ்சு வெளிப்படும் வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது. முதற்செய்தி இன்றைய அறிவியலோடு முற்றும் பொருந்துகிறது. இரண்டாவது பொருந்தவில்லை. முட்டையைப் புதைத்ததும் பெண் ஆமை கடலுக்குத் திரும்பிவிடும். காவலுக்கு எந்த ஆமையும் நிற்பதில்லை. கண்டது எது, கருதியது எது என்று பிரித்தறிய ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதோடு ஒப்பிட்டாக வேண்டும். அதற்கு ஏடுகள் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும்.

புதுக்கோட்டைக் கரையைப் பற்றி அறிய விழைபவருக்கு அந்த ஓரிடம் எளிதில் அகப்படாது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. ஆகவே, 1938 முதல் 1944 வரை கே.ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்தளித்த சமஸ்தானக் கையேட்டில் கடற்கரையைத் தேடிப் பயனில்லை. 1974 சனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியோடு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கரையூர்கள் இதனுள் வந்தன. எனவே, இந்த 42 கிலோமீட்டர்க் கரையின் பழைய செய்திகள் தஞ்சாவூர் என்றோ பாக் விரிகுடா என்றோ வேறு பெயர்களின் கீழ் உறங்குகின்றன.

ஆமை பற்றிய செய்திகளோ இன்னும் சிதறிக் கிடப்பவை. தெரணியகல இலங்கையின் ஊர்வன பற்றி எழுதிய பெருநூல் 1939-இல் கொழும்பில் வெளியாயிற்று. குருசடைத் தீவைச் சூழ்ந்த கடலில் நடந்த ஆமை வேட்டை குறித்துக் குரியன் எழுதிய கட்டுரை 1950-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகியவற்றின் ஆமை மீன்பிடிப்பை ஆராய்ந்த ஜோன்ஸ், பெர்னாண்டோ இருவரின் கட்டுரை 1968-இல் கொச்சிக் கருத்தரங்கில் படிக்கப்பட்டது. அடுத்தடுத்த இரு கடல்களின் கதைக்கு மூன்று ஊர்களின் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது!

1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தோர் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். அவ்வட்டத்திலிருந்து வந்த சதீஷ் பாஸ்கர் 1977 முதல் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் நடந்தே அளந்தார். 1982-இல் இலட்சத்தீவின் சுகேலியில் மழைக்காலம் முழுதும் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அவருடைய அறிக்கைகள் பலவும் தட்டச்சுப் படிகளாகவே இருந்தன. ஒரு படி தொலைந்தால் ஒரு கரையின் கணக்கே தொலைந்துவிடும்.

இந்தச் சிதறலைச் சேர்க்கும் முயற்சிகளும் நடந்தன. 1976-இல் மிரோசோவ்ஸ்கி தொடங்கிய கடலாமைச் செய்திமடல் உலக ஆய்வாளர்களை இணைத்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1984-இல் கடலாமைகளுக்கெனத் தனித்தொகுப்பு வெளியிட்டது. 1999-இல் தோன்றிய 'கச்சபா' 2005-இல் இந்தியப் பெருங்கடல் ஆமைச் செய்திமடலாக வளர்ந்தது. இவ்விதழ்களையும் அந்நிறுவனத்தின் வெளியீடுகளையும் இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பவை. பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று ஐந்து இனங்களையும் பெயர் சொல்லிப் பிரித்தறிந்தவர்கள் நம் மீனவர்கள். அப்பெயர்கள் ஆய்வேடுகளுக்குள் சென்றன. ஆய்வேடுகளில் உள்ளவை அவர்களிடம் திரும்பி வரவில்லை.

இது வெறும் புத்தக ஆசை அன்று. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர்க் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புல்லைத்தான் வளர்ந்த பேராமையும் மேய்கிறது. பாதுகாப்பினால் ஆமைகள் பெருகினவா என்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால், முன்பு எத்தனை இருந்தன என்பதைச் சொல்ல ஏடு வேண்டுமல்லவா?

இதே மாவட்டத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தம் சொந்த உழைப்பில் இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டி ஞானாலயாவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்தனர். தமிழ் நூல்களுக்கு அது இயன்றதென்றால், ஆமை ஏடுகளுக்கும் இயலும். கட்டுரைகளின் படிகள், அவற்றின் தமிழ்ச் சுருக்கங்கள், முதிய மீனவர்களின் வாய்மொழிப் பதிவுகள் ஆகிய மூன்றும் மணமேல்குடியில் ஓர் அலமாரியில் சேர்ந்தாலே போதும், தொடக்கம் அமைந்துவிடும். வாய்மொழிப் பதிவை முதலில் செய்ய வேண்டும். அச்சேறிய கட்டுரை காத்திருக்கும். முதியவர்களின் நினைவு காத்திராது.